நாற்பது டாலர் கட்டாதீங்க: பல்கலைக்கழக நூலகத்தின் மின்வளங்களை வீட்டிலிருந்தே திறக்க முழுமையான வழிகாட்டி

போன மார்கழியில் தாராபுரத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் போன் செய்தார். "ஏனுங்க சார், எட்டே பக்கக் கட்டுரைங்க. நாப்பது டாலர் கட்டுனாத்தான் தெறக்குமாமுங்க. கைடு இன்னைக்கே வேணும்ங்கறாரு. கட்டிப்போடட்டுங்களா?"

கட்டாதீங்க என்றேன். அந்த ஆய்விதழுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே அனுமதி இருந்தது. அவர் கூகுளில் தேடி, கிடைத்த இணைப்பைத் தட்டி, நேரே பதிப்பகத்தின் வாசலில் போய் நின்றுவிட்டார். அங்கே டிக்கெட் விலை கேட்கத்தானே செய்வார்கள்.

கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளப் பிரிவை, அதாவது இணையத்தில் படிக்கிற ஆய்விதழ்களையும் மின்னூல்களையும், பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிற போன்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். பதிப்பகத்தின் கம்ப்யூட்டருக்கு உங்கள் முகம் தெரியாது. எந்த வழியாக வந்தீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். நூலகத்தின் வழியாக வந்தால் கதவு தானாகத் திறக்கும். தெருவிலிருந்து வந்தால் பில் நீட்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில், நீங்கள் எந்த வீட்டுக் கணக்கு?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கோபியில் ஒரு கலைக்கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறீர்கள். கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் மருதமலை அடிவாரத்தில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்தின் மின்வளங்கள், அங்கே வளாகத் துறைகளில் படிப்பவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும்தான். உங்கள் கணக்கு உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. நாமக்கல்லில் படித்துக்கொண்டு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

பகுதிநேர பிஎச்.டி. ஆட்களுக்குக் கொஞ்சம் சிக்கல். பதிவு பல்கலைக்கழகத்தில், ஆய்வு மையம் ஏதோ ஒரு கல்லூரியில். இரண்டு நூலகத்திலும் கேளுங்கள். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கும். பதிவுக் கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம்.

அப்புறம், பணம் யார் கட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த வாசல் உங்களுடையது என்று விளங்கிவிடும். இப்போது மூன்று பெரிய ஏற்பாடுகள் நடப்பில் இருக்கின்றன.

முதலாவது, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா'. இந்தத் திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பெரிய பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும்தான் முதல் கட்டத்தில் வருகின்றன. தனியார் கல்லூரிகள் இதில் இல்லை. தெருவுக்கு ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிற நம் பக்கத்தில் இதன் அர்த்தம் என்னவென்றால், வளாகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கண்ணாடிக் கட்டடமும் ஏசி நூலகமும் இருக்கிற கல்லூரியில் கிடைக்காத ஆய்விதழ், ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் அரசுக் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கலாம்.

இரண்டாவது என்-லிஸ்ட். அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் என்று 2010இல் வந்தது. மற்ற கல்லூரிகளும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேரலாம். குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. பாடப் புத்தகம், துணைநூல் தேடுகிற இளங்கலை மாணவருக்கு ஆய்விதழைவிட இதிலுள்ள மின்னூல்கள்தான் அதிகம் பயன்படும்.

மூன்றாவது செரா. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அதன் உறுப்புக் கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு நெடுநாள் பழக்கமான பெயர். நாடு முழுவதும் வேளாண் நிறுவனங்களுக்காக 2007இல் தொடங்கிய கூட்டமைப்பு. ஜே-கேட் என்ற தேடுதளத்தின் வழியாக ஓடுகிறது.

தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் இவை தவிரத் தாங்களாகவே சில தொகுப்புகளை வாங்கி வைத்திருக்கும். நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் என்ற வலையமைப்பில் உறுப்பினராகவும் இருக்கும். கல்லூரி இணையதளத்தில் நூலகப் பக்கத்தைத் திறந்து, 'இ-ரிசோர்சஸ்' என்று போட்டிருக்கும் இடத்தில் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் பழையதாக இருக்கலாம். நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கணக்கு வாங்குவது

அடையாள அட்டையோடு நூலகத்துக்குப் போங்கள். என்-லிஸ்ட் என்றால், கல்லூரியின் பொறுப்பாளர் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் ஏற்றியதும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மெயிலில் வரும். ஒரே சந்தாத் திட்டத்துக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பொறுப்பு அலுவலர் உண்டு. அவர் யார் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் வரவில்லை என்று இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு வருகிறவர்கள் அநேகம். ஸ்பேம் பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பல்கலைக்கழகம் கொடுத்த மெயில் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். 'கொங்குசிங்கம்' என்று தொடங்கும் ஜிமெயில் முகவரியை ஒப்புதல் கொடுக்கிறவர் யாரென்று கண்டுபிடிப்பது? நிஜமாகவே அப்படி ஒன்று வந்தது. தம்பி நல்ல பையன்தான்.

வளாகத்துக்குள் இருக்கும்போது

வளாகத்தின் நெட்வொர்க்கில் இருந்தால் பெரும்பாலும் பாஸ்வேர்டே தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் இணைய இணைப்புக்கு என்று சில ஐபி முகவரிகள் உண்டு. அவற்றைப் பதிப்பகத்திடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்போம். அந்த முகவரியிலிருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும்.

திறந்ததா என்று எப்படித் தெரியும்? பதிப்பகத்தின் பக்கத்தில் மேலேயோ கீழேயோ உங்கள் நிறுவனத்தின் பெயர் தெரியும். பெயர் இல்லையென்றால் நீங்கள் இன்னும் தெருவில்தான் நிற்கிறீர்கள்.

நூலக மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு "திறக்கலீங்க" என்பவர்களின் போனை வாங்கிப் பார்த்தால், வைஃபை பலவீனமாக இருக்கிறதென்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். உடம்பு வளாகத்தில், இணைப்பு செல்போன் கம்பெனியில். டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனில் இலவச விபிஎன் செயலி ஏதாவது ஓடினாலும் இதே கோளாறுதான். அது உங்களை வேறு நாட்டு ஆளாகக் காட்டிவிடும். விடுதியின் வைஃபை தனி இணைப்பாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

வீட்டிலிருந்து: மூன்று வழி

காங்கேயத்திலிருந்தும் சத்தியிலிருந்தும் ஒரு கட்டுரைக்காகப் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. உங்கள் நூலகம் கீழே சொல்லும் மூன்றில் ஒன்றையோ இரண்டையோ வைத்திருக்கும்.

ஒன்று, பிராக்சி அல்லது ரிமோட் ஆக்சஸ் தளம். நூலகத்தின் பக்கத்தில் லாகின் செய்து, அங்கே இருக்கும் பட்டியலிலிருந்து ஆய்விதழுக்குப் போக வேண்டும். நூலகம் உங்களுக்காக நடுவில் நின்று பக்கத்தை வாங்கித் தருகிறது. பிராக்சியில் போகும்போது பதிப்பகத்தின் முகவரியோடு நூலகத்தின் முகவரியும் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரவுசரின் மேல்பட்டையில் பார்க்கலாம். அந்த வால் இருக்கும் வரைதான் வாழ்வு. புதிய டேப் திறந்து கூகுளில் தேடிப் போனால் வால் அறுந்துவிடும், மறுபடியும் நாற்பது டாலர் கேட்கும். எப்போதும் நூலகப் பக்கத்தில் தொடங்கி, அங்கிருந்து தட்டித் தட்டியே போங்கள்.

இரண்டு, விபிஎன். பல்கலைக்கழகமே தரும் விபிஎன்னைச் சொல்கிறேன், விளம்பரத்தில் வருவதை அல்ல. இதை நிறுவிக்கொண்டால் உங்கள் லேப்டாப் வீட்டில் இருந்தாலும் வளாகத்தில் இருப்பதாகவே கணக்கு. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இது மாணவர்களுக்குத் தருவதில்லை.

மூன்று, பதிப்பகத்தின் பக்கத்திலேயே நிறுவனம் வழியாக லாகின் செய்வது. இனிமேல் அதிகம் பயன்படப் போவது இதுதான். இந்தியாவில் இதற்காக இன்ஃப்ளிப்நெட் நடத்தும் கூட்டமைப்புக்குப் பெயர் இன்ஃபெட். கட்டுரைப் பக்கத்தில் பணம் கேட்கும் பொத்தானுக்குப் பக்கத்திலோ மேல் ஓரத்திலோ 'ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிடியூஷன்' என்றோ 'சைன் இன் வயா இன்ஸ்டிடியூஷன்' என்றோ சின்னதாக எழுதியிருக்கும். பணம் கேட்கிற பொத்தான் மட்டும் எப்போதும் பளிச்சென்று இருக்கும். வியாபாரம்!

அதைத் தட்டினால் நிறுவனத்தின் பெயரைக் கேட்கும். முழுப் பெயரை அடிக்காதீர்கள். முதல் நாலைந்து எழுத்து அடித்தால் பட்டியல் விழும், அதில் உங்களுடையதைத் தொடுங்கள். முழுசாக அடிக்கும்போது ஒரு காற்புள்ளி மாறினாலும் 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடும். சில பதிப்பகங்களில் முதலில் கூட்டமைப்பின் பெயரைக் கேட்கும். அங்கே இன்ஃபெட் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கல்லூரிகளின் பட்டியலே வரும். பிறகு லாகின் பக்கம். உங்கள் பாஸ்வேர்டைப் பதிப்பகம் பார்ப்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் தரப்பில் சரிபார்த்துவிட்டு 'ஆமாம், நம்ம ஆள்தான்' என்று மட்டும் அங்கே சொல்லும்.

ஒரு தடவை செய்துவிட்டால் பிரவுசர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிரவுசிங் சென்டரில் செய்தீர்களானால் மட்டும் மறக்காமல் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

தேடுவது

கதவைத் திறப்பதைவிட இதுதான் பெரிய வேலை. நேரம் கொடுங்கள்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளில் கிழங்கு அழுகல் நோய் பற்றி உங்கள் ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடும் பெட்டியில் 'டர்மெரிக்' என்று மட்டும் அடித்தால் சமையல் முதல் புற்றுநோய் வரை வந்து கொட்டும். மூட்டுவலிக்கு மஞ்சள் பால் குடிக்கலாமா என்பது வேறு ஆளின் ஆய்வு. தாவரவியல் பெயரான 'கர்குமா லாங்கா'வைப் போடுங்கள். அதோடு நோயின் ஆங்கிலப் பெயரான 'ரைசோம் ராட்' என்பதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இரண்டு சொல்லும் ஒட்டி வந்த கட்டுரைகள் மட்டும் நிற்கும். இன்னும் குறுக்க வேண்டுமென்றால் நோயைக் கிளப்பும் கிருமியின் பெயர், பித்தியம் அஃபனிடெர்மேட்டம். இப்போது கையில் அள்ளுகிற அளவுக்கு வந்திருக்கும்.

பல தரவுத்தளங்களில் சொல்லின் அடிப்பகுதியை மட்டும் அடித்து நட்சத்திரக் குறி வைத்தால் அதன் எல்லா வடிவமும் வரும். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இந்தக் குறி இப்படி வேலை செய்யாது.

இனி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி, ஊர்ப்பெயர். நொய்யல் ஆற்றை ஆங்கிலத்தில் ஒரு 'ஒய்' போட்டு எழுதியவர் உண்டு, இரண்டு போட்டு எழுதியவர் உண்டு, 'நொய்யில்' என்று எழுதியவரும் உண்டு. திருப்பூருக்கு ஒரு 'பி', இரண்டு 'பி'. ஒரத்துப்பாளையம் அணையின் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரே எழுத்துமுறையில் தேடினால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது. எல்லா வடிவங்களையும் நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கில 'ஆர்' (OR) போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒன்றாகச் சேர்த்து அடியுங்கள்.

மாவட்டப் பெயரில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. கோவையிலிருந்து 1979இல் பிரிந்தபோது ஈரோட்டுப் பகுதிக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர். திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல். நாமக்கல் 1997 வரை சேலத்துக்குள் இருந்தது. கரூர் முன்பு திருச்சி மாவட்டம். ஆகவே காங்கேயம் பக்கத்து நிலத்தடி நீர் பற்றிப் பழைய கட்டுரை தேடுகிறவர் ஆண்டைப் பொறுத்துக் கோவை, பெரியார், ஈரோடு, திருப்பூர் என்று நான்கு பெயரிலும் தேடியாக வேண்டும். "பழசு ஒண்ணுமே இல்லீங்க" என்று சினாப்சிஸில், அதாவது ஆய்வுச் சுருக்கத்தில், எழுத இருந்த ஒரு மாணவிக்கு, பெரியார் மாவட்டம் என்று போட்டுத் தேடியதில் ஒரே மதியத்தில் ஒன்பது கட்டுரைகள் கிடைத்தன.

ஆண்டு வடிகட்டியையும் யோசித்து வையுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றிய ஆய்வென்றால் 2011 ஒரு கோடு. அந்த ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்னால் எடுத்த நீரின் அளவீட்டையும் பின்னால் எடுத்ததையும் ஒரே கூடையில் போட முடியாது. கட்டுரை வெளியான ஆண்டை மட்டும் பார்க்காமல் மாதிரி எடுத்த ஆண்டையும் பாருங்கள்.

கூகுள் ஸ்காலரே பழகிப்போய்விட்டது என்கிறீர்களா? சரி. அதன் செட்டிங்ஸில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே உங்கள் நிறுவனத்தைத் தேடி டிக் செய்து வைத்தால், நூலகத்தில் இருக்கும் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் தனி இணைப்பு தெரியும். உங்கள் நூலகம் கூகுளில் பதிவு செய்திருந்தால்தான் பெயர் வரும். வரவில்லையென்றால் நூலகரிடம் சொல்லுங்கள், அவர் செய்துகொள்ளக்கூடிய காரியம்தான்.

அப்பவும் திறக்கவில்லை என்றால்

முதலில் ஆண்டைப் பாருங்கள். ஓர் ஆய்விதழுக்கு அனுமதி இருந்தாலும் எல்லா ஆண்டுக்கும் இருக்காது. பழைய இதழ்களைச் சில பதிப்பகங்கள் தனித் தொகுப்பாக விற்கின்றன.

அடுத்து, கட்டுரையின் டிஓஐ எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 10 என்று தொடங்கும் நீள எண். அதை வைத்துத் தேடினால் தலைப்புக் குழப்பமே வராது. பிரவுசரில் அன்பேவால் என்ற இலவசச் சேர்ப்பை நிறுவிக்கொண்டால், கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். கூகுள் ஸ்காலரில் முடிவுக்குக் கீழே இருக்கும் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதையும் தட்டிப் பாருங்கள். ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அச்சுக்கு முந்தைய பிரதியைப் போட்டிருப்பார்.

அதுவும் இல்லையா? எழுதியவருக்கே மெயில் போடுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் முகவரி இருக்கும். நீங்கள் யார், என்ன ஆய்வு, எந்தக் கட்டுரை என்று நாலு வரி. நீங்கள் கட்டும் நாற்பது டாலரில் பொதுவாக அவருக்குக் காலணா போகாது, தம் கட்டுரையை ஒருவர் படிக்கிறார் என்பதே அவருக்குச் சந்தோஷம். நான் பார்த்தவரை பாதிப் பேராவது பதில் போடுகிறார்கள்.

செராவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. உங்கள் நூலகத்தில் இல்லாத கட்டுரைக்கு அதிலேயே கோரிக்கை போட்டால், அது இருக்கிற வேறு வேளாண் நூலகம் அனுப்பி வைக்கும். டெல்நெட்டிலும் இந்த ஏற்பாடு உண்டு, உங்கள் நூலகர் வழியாகக் கேட்க வேண்டும்.

ஆய்வேடுகள்

இதற்கு லாகினே வேண்டாம். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பாரதியார், பெரியார், அவினாசிலிங்கம் எல்லாம் உண்டு. ஆய்வேட்டை ஒரே கோப்பாகப் போடாமல் இயல் இயலாகப் பிரித்து வைத்திருப்பார்கள். துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் இறக்குங்கள். உங்கள் தலைப்பில் இதுவரை யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று அந்த மாணவர் மூன்று வருடம் அலைந்து திரட்டியது அரை நிமிடத்தில் கையில்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளைத் தேடுவது தனிக் கலை. சில தலைப்புகள் தமிழ் எழுத்தில் இருக்கும், சில ஆங்கில எழுத்தில் தமிழாக இருக்கும். உள்ளே இருப்பது ஸ்கேன் செய்த படமாகவோ பழைய எழுத்துருவாகவோ இருந்தால் சொல்லைப் போட்டுத் தேடுவது உதவாது. பல்கலைக்கழகம், துறை, நெறியாளர் பெயர் என்று உள்ளே போய்ப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். கொங்கு நாட்டார் வழக்காறு பற்றித் தேடுகிறவர்களுக்கு இப்படித்தான் சரக்கு கிடைக்கும். வேளாண் ஆய்வேடுகளுக்குக் க்ரிஷிகோஷ் என்று தனிக் களஞ்சியம் இருக்கிறது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலும் தேடிப் பாருங்கள், மஞ்சள் ரகங்கள் வந்த இடம்.

செய்யக் கூடாதது

நோம்பிக்கு ஊருக்குப் போகும் முன்னால் ஒரு தம்பி, ஊரில் நெட் சரியாக இருக்காது என்று, தானாக இறக்கும் மென்பொருள் ஒன்றை ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டுப் போனார். ஓர் ஆய்விதழின் பத்து ஆண்டு இதழ்கள். விடிவதற்குள் பதிப்பகத்தின் கம்ப்யூட்டர் எங்கள் வளாகம் மொத்தத்துக்கும் கதவைச் சாத்திவிட்டது. விளக்கக் கடிதம் எழுதி, கெஞ்சி, மறுபடி திறக்க ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் சினாப்சிஸ் கொடுக்க வேண்டியிருந்த நாலு பேர் என் மேஜை முன்னால் நின்ற முகம் இன்னும் மறக்கவில்லை. தேவையான கட்டுரையை ஒவ்வொன்றாக இறக்குங்கள். அதற்குத் தடையே இல்லை.

பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் இதே மாதிரிதான். ஒரே கணக்கு ஒரே நேரத்தில் கோவையிலும் பெங்களூரிலும் திறந்தால் கணக்கு முடங்கும். முடங்குவது உங்கள் பெயரில்.

படிப்பு முடியும்போது

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த சந்தோஷத்தில் இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பெயர் பட்டியலிலிருந்து நீங்கியதும் கணக்கு மூடப்படும். மின்னூல் தளங்களில் நீங்கள் போட்டு வைத்த குறிப்புகள், அடையாளங்கள், சேமித்த தேடல்கள் எல்லாம் அதோடு போகும். கடைசிப் பருவத்திலேயே அவற்றை வெளியே எடுத்து, கட்டுரைகளையும் குறிப்புகளையும் சேமித்து வைக்கும் சொடெரோ போன்ற இலவச மென்பொருளில் சொந்த மெயில் முகவரியில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்த் தளங்களில் பல்கலைக்கழக மெயிலைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் வழி அடைபடவில்லை. பல பதிப்பக ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வருகிறவர் அங்கேயே இருக்கும் கம்ப்யூட்டரில் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. பழைய மாணவருக்கும் வெளியாருக்கும் இது பொருந்தும். ஆனால் உள்ளே விடுவது அந்தந்த நூலகத்தின் விருப்பம். வருவதற்கு முந்தின நாள் போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள். ஆதார் அட்டை, வேண்டிய கட்டுரைகளின் டிஓஐ எண்கள் எழுதிய தாள், இரண்டும் கையில் இருக்கட்டும். பென் டிரைவை எங்கள் கம்ப்யூட்டரில் செருக விடமாட்டோம். கட்டுரையை உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளலாமா என்று மேஜையில் இருப்பவரிடம் கேளுங்கள்.